சட்டைப்பையில் மூன்றரை வட்டி

வெள்ளிக்கிழமை காலையில் கடலூர் மாவட்டம் வேப்பூர் ஆட்டுச் சந்தையில் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றால், இந்த வட்டாரத்தில் கடன் எப்படிக் கணக்குப் பார்க்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி என்பதுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதே அளவு. வங்கியில் நகையை வைத்தால் ஒரு வட்டிக்கும் கீழே. தெரிந்தவரிடம் வாங்கினால் ரெண்டு. மூணு வட்டி என்றால் வாங்குகிறவருக்கே நெஞ்சு இடிக்கும். வீட்டுக்குத் தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதே மனிதரின் சட்டைப்பையில் இன்று கிரெடிட் கார்டு இருக்கிறது. அதோடு வந்த கையேட்டில் பொடி எழுத்தில் மாதம் 3.5 சதவீதம் என்றோ 3.75 சதவீதம் என்றோ போட்டிருக்கிறார்கள். சந்தைக் கணக்கில் சொன்னால் அது மூன்றரை வட்டி. அதோடு முடியவில்லை. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மூன்றரை ரூபாய்க்கு 63 காசு வரி சேர்ந்தால் நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஐம்பது சதவீதத்தைத் தொடுகிறது. மூணு வட்டிக்காரர் வீட்டுப் படியை மிதிக்கக் கூசுகிற ஆள், நாலு வட்டிக்கு மேல் கடன் வாங்கிக்கொண்டு அதைக் கடன் என்றே நினைக்காமல் இருக்கிறார். இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகள் 2024 தொடக்கத்திலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டன. அவை பெருநகரங்களில் மட்டும் இல்லை. திருச்சி நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கிலும், விருத்தாசலம் கடைவீதியிலும், உளுந்தூர்பேட்டை செல்போன் கடையிலும் தேய்க்கப்படுகின்றன.

கார்டே ஆகாது என்று சொல்ல வரவில்லை. பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவருக்கு அதைவிட மலிவான கடன் உலகத்தில் கிடையாது; வட்டி பூஜ்யம். அதற்கு இரண்டு தேதிகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். ஒன்று பில் போடும் தேதி, மற்றொன்று பணம் கட்டும் கெடு. மாதாமாதம் 12-ம் தேதி பில், அதிலிருந்து சுமார் இருபது நாளில் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-ம் தேதி வாங்கிய பொருள் அடுத்த மாத பில்லில்தான் வரும். கிட்டத்தட்ட ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன். 11-ம் தேதி வாங்கினால் மறுநாளே பில்லில் ஏறிவிடும், இருபது நாள்தான். பெரிய செலவு இருந்தால் பில் தேதிக்கு மறுநாள் செய்வது நல்லது. சம்பளமோ வசூலோ வருகிற தேதிக்கும் கெடுவுக்கும் ஒத்துவரவில்லை என்றால், பில் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. இப்படியொரு வசதி இருப்பதைக் கார்டு விற்கிறவர் சொல்வதில்லை.

சிக்கல் தொடங்கும் இடம் பில்லில் இருக்கிற இரண்டாவது எண். மேலே மொத்தத் தொகை, அதற்குக் கீழே 'மினிமம் டியூ'. மொத்தம் 50,000, மினிமம் 2,500 என்று வந்தால் மனசு தானாகச் சின்ன எண்ணைத்தான் பார்க்கும். 2,500-ஐக் கட்டிவிட்டால் அபராதம் இல்லை, சிபில் கெடாது, போனும் வராது. உண்மைதான். ஆனால் அந்த 50,000 ஒரு மாதம் நின்றால் வட்டி 1,750, அதற்கு ஜிஎஸ்டி 315, ஆக 2,065 ரூபாய். கட்டிய 2,500-இல் அசலுக்குப் போனது 435 ரூபாய் மட்டுமே. இந்த வேகத்தில் கட்டினால் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை இழுக்கும். இப்படி ஆகும் என்று பில்லிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அச்சிடுகிறார்கள். அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. போன மாத பில்லில் ஆயிரம் ரூபாய் பாக்கி வைத்தால்கூட இந்த மாதம் புதிதாக வாங்கும் எதற்கும் அந்த ஐம்பது நாள் சலுகை கிடையாது. மளிகை வாங்கிய அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பழைய பாக்கியை முழுதாக அடைக்கும்வரை கார்டைத் தொடாமல் இருப்பதே லாபம்.

சரி, இவ்வளவு வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒருவர் கேட்டு, பதினாறு ஆண்டுகள் காத்திருந்து, பதிலும் வாங்கிவிட்டார். ஆவாஸ் என்ற தன்னார்வ அமைப்பு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. கார்டு பாக்கிக்கு வங்கிகள் ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம்வரை வாங்குகின்றன என்பது புகார். 2008 ஜூலை 7 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது: 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை. எச்.எஸ்.பி.சி., சிட்டி பேங்க் முதலிய வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் 2024 டிசம்பர் 20 அன்று நீதிபதிகள் பேலா திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டிக்கு வரம்பு கட்டுவது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையத்தின் வேலை அல்ல என்பது அதன் சாரம். வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் கணக்கைத் திரும்பப் பிரிக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு ஏற்கெனவே சொல்கிறது.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் கொண்டுவந்தோம். மீட்டர் வட்டிக்காரர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கார்டு வங்கி மீது அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய நிலை இதுதான். வட்டி விஷயத்தில் கார்டு வைத்திருப்பவருக்குச் சட்டத்தின் துணை கிடையாது. முழுத் தொகையைக் கட்டுவது ஒன்றுதான் வழி. மோசடியிலும் தவறான கட்டணத்திலும் நிலைமை வேறு. அங்கே சட்டம் வாடிக்கையாளர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் நாள் கணக்குப் பார்த்துத்தான் நிற்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன், மூன்றரை வட்டியையே சிறிதாக்கிக் காட்டும் ஒரு வேலை. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது. பெரும்பாலான வங்கிகள் இதற்கு 2.5 சதவீதம், குறைந்தபட்சம் 500 ரூபாய் கட்டணம் வாங்குகின்றன. 10,000 எடுத்தால் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. இதற்கு ஒரு நாள்கூடச் சலுகைக் காலம் இல்லை. ஒரு மாதத்துக்கு வட்டியும் வரியும் 413. எல்லாம் சேர்த்து 1,003 ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் ஆயிரம் என்றால் அது பத்து வட்டி. ஆட்டுச் சந்தையில் இந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வருகிறவரை ஊரே திட்டும்.

இந்தக் கட்டணத்துக்குப் பயந்து இன்னொரு குறுக்கு வழியில் போகிறவர்கள் உண்டு. தெரிந்த கடைக்காரரிடம் போய், எதுவும் வாங்காமல் கார்டைத் தேய்த்து, இரண்டோ மூன்றோ சதவீதம் கமிஷன் கழித்துக்கொண்டு ரொக்கமாக வாங்கிக்கொள்வது. இந்தக் கார்டு பாக்கியை அந்தக் கார்டில் தேய்த்து அடைப்பது, அடுத்த மாதம் அதை மூன்றாவது கார்டில். ரொட்டேஷன் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் அசலோடு ஏறிக்கொண்டே போகிறது. ஏதாவது ஒரு கார்டின் லிமிட்டைக் குறைத்த மாதத்தில் எல்லாம் ஒன்றாகச் சரிகிறது. கார்டு ஒப்பந்தப்படி இது விதிமீறல், வங்கி கார்டை முடக்கலாம். அந்தக் கடையின் மிஷினில் வேறு யாரோ திருட்டுக் கார்டு தேய்த்து விசாரணை வந்தால் உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கும்.

ரொட்டேஷனில் விழுகிறவர்கள் எல்லாம் ஊதாரிகள் அல்ல. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையைச் சுற்றிச் சிறிய யூனிட் நடத்துகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பணம் வருவது கொலுவுக்கும் கார்த்திகைக்கும். களிமண், நிறம், சூளைக்கு எரிபொருள், ஆட்கூலி எல்லாம் அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே போய்விடும். கார்டு பில்லுக்கு ஆடி, கார்த்திகை தெரியாது. மாதாமாதம் வந்து நிற்கும். பொம்மை சூளையில் இருக்கும்போதே கெடு தேதி தாண்டிவிடும். வேப்பூர், மங்களூர் பக்கத்து மானாவாரி மக்காச்சோளக்காரருக்கும் இதே கதைதான். பருவத்துக்கு ஒரு முறை பணம் பார்க்கும் தொழிலுக்கு மாதக் கெடு உள்ள கடன் பொருந்தவே பொருந்தாது.

அந்தத் தேவைக்கு வேறு கடன்கள் இருக்கின்றன. விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், உரிய காலத்தில் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. 1998-இல் வந்த கிசான் கிரெடிட் கார்டும் பயிர்க்கடன்தான். பெயரில் கார்டு இருப்பதால் இதையும் அதையும் குழப்பிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தக் குழப்பத்தில் கையெழுத்து வாங்கும் முகவர்களும் இருக்கிறார்கள். சிறுதொழிலுக்கு முத்ரா கடன் 2015 முதல் இருக்கிறது. மண்பாண்டம் உள்ளிட்ட 25 கைத்தொழில்களுக்கு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானிய உச்சவரம்பு 50,000 ரூபாய். கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அலைச்சல் இருக்கும், ஃபைல் நகர நாளாகும். ஆனாலும் நாலு வட்டியோடு ஒப்பிட்டால் அந்த அலைச்சலுக்குக் கூலி கிடைக்கிறது.

கையில் கொஞ்சம் நகை இருந்தால், நின்றுபோன கார்டு பாக்கியை நகைக்கடன் வாங்கி மொத்தமாக அடைத்துவிடுவது நல்ல கணக்கு. நாலு வட்டியிலிருந்து ஒரு வட்டிக்கு இறங்கிவிடலாம். அடைத்த கையோடு கார்டையும் வெட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் நகையும் வங்கியில், பாக்கியும் கார்டில்.

சின்னச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று சொல்வார்கள். சும்மா யாரும் கடன் தருவதில்லை. வட்டிக்கு ஈடான தள்ளுபடியைக் கடையில் காட்டிவிட்டு, வங்கி பில்லில் வட்டியும் அதற்கு ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் போடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்க விலையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். 'கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ராண்ணே' என்று கடைக்காரர் சொன்னால், அது அவர் வங்கிக்குத் தர வேண்டிய கட்டணம். உங்கள் தலையில் இறக்குகிறார் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். சிங்கப்பூர் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே மிஷினில் ரூபாயா டாலரா என்று கேட்டால் அந்த ஊர் டாலரையே தொட வேண்டும், ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். 'முதல் வருஷம் ஃப்ரீ' வேறு, 'வாழ்நாள் முழுக்க ஃப்ரீ' வேறு. எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மோசடி. அது பெரும்பாலும் போனில், நல்ல தமிழில்தான் வருகிறது.

"வணக்கம் சார், உங்க கார்டு டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறோம். ஆண்டுக் கட்டணம் 4,999 ரூபா நாளைக்கு விழப்போகுது. வேணுமா, கேன்சல் பண்ணிடலாமா?"

"வேணாம்மா, கேன்சல் பண்ணிடுங்க. ஃப்ரீன்னுதானே குடுத்தாங்க?"

"அதான் சார் நாங்களே கூப்பிடறோம். உங்க பேரு, கார்டு கடைசி நாலு நம்பர் சரிதானே? இப்ப ஒரு கேன்சலேஷன் நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க."

பெயரும் கடைசி நாலு எண்ணும் சரியாகச் சொன்னதால் நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த விவரம் வெளியே கிடைப்பது பெரிய காரியமில்லை. வருகிற 'கேன்சலேஷன் நம்பர்'தான் ஓடிபி. அந்தக் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்தால் எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டே மேலே தெரியும் ஆறு எண்ணை மட்டும் படித்துச் சொல்கிறோம். அவர்களுக்கு அதுதான் வேண்டும். அதனால்தான் போனை வைக்க விடுவதில்லை. ஒரு கட்டணத்தை ரத்து செய்ய எந்த வங்கிக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை. லிமிட்டைக் கூட்டித் தருகிறோம், ரிவார்டு பாயிண்ட் இன்று இரவோடு காலாவதி, கேஒய்சி முடியவில்லை என்பதெல்லாம் இதன் தம்பி தங்கைகள்.

இன்னொரு வகைக்கு ஓடிபியைக் கேட்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு ஒன்று வரும். போக்குவரத்து அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் தவணை என்று ஏதாவது ஒரு பெயரில். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கையில். அதைத் தொட்டு நிறுவிவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகள் அவர்களுக்கும் போய்ச் சேரும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஏபிகேயாக எந்தக் கல்யாணப் பத்திரிகையும் வராது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் போனில் தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியைப் பிள்ளைகள் அணைத்துவைத்துவிட்டுப் போகலாம்.

அழைப்பது வங்கியா என்று பார்க்க இப்போது சில அடையாளங்கள் உண்டு. கணக்கு, பரிவர்த்தனை தொடர்பாக அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. பத்து இலக்கச் சாதாரண செல்போன் எண்ணிலிருந்து 'கார்டு டிபார்ட்மென்ட்' பேசினால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். வங்கி இணையதள முகவரிகளும் 2025 அக்டோபர் இறுதிக்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை நம்பவே வேண்டாம். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணே சரியான எண்.

வங்கிச் செயலிக்குள் போனால் கார்டுக்கு ஸ்விட்சுகள் இருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை, தட்டிக் கட்டுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம், உச்சத்தொகையும் வைக்கலாம். 2020-இல் வந்த விதி இது. வேப்பூரை விட்டு வெளியூரே போகாதவருக்கு வெளிநாட்டு ஸ்விட்ச் எதற்கு? 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே தட்டிக் கட்டலாம் என்பதால், கார்டு தொலைந்தால் ஆபத்து, அதையும் அணைத்துவைக்கலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் இதில் சேரும். ஆதார், பான் நகலைக் கேட்ட இடத்தில் எல்லாம் நீட்டுகிறோம். ஜெராக்ஸ் கடையில் கூடுதலாக விழுந்த பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத கார்டோ கடனோ இருக்கிறதா என்று பார்க்கப் பணம் செலவில்லை. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் திருத்த வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நாள் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. முதலில் கார்டை முடக்கி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். அந்த எண்ணில் பதிவானதும், பணம் கைமாறிப் போகும் பாதையில் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சொன்னால் கிடைக்கும் வாய்ப்பு, மறுநாள் சொன்னால் இல்லை. கடலூர் மாவட்டத்துக்குத் தனி சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லை பார்த்து அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும்.

இழப்பு யார் தலையில் என்பதற்கு 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைதான் அடிப்படை. வங்கியின் கோளாறு என்றால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை, இடையில் எங்கோ தகவல் கசிந்தது என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு ரூபாய்கூட உங்களைச் சேராது. 4 முதல் 7 வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000, அதற்கு மேல் லிமிட் என்றால் 25,000. ஏழு நாளைத் தாண்டினால் வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது. சொன்ன 10 வேலை நாளில் அந்தத் தொகையைக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும், 90 நாளில் புகாரை முடிக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது.

நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால்? வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் கணக்கு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் கணக்கு. வெட்கத்தில் இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நாள்தான் அதிகம் வலிக்கும். ஏமாந்தது அவமானமில்லை, படித்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று எல்லாரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

வங்கியே தவறு செய்தால் என்ன என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகள் இருக்கின்றன. கேட்காமல் கார்டு அனுப்பிக் கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் லிமிட்டை ஏற்றக் கூடாது. கெடு தாண்டி மூன்று நாள்வரை தாமதக் கட்டணம் போடக் கூடாது. போட்டாலும் பாக்கி நிற்கும் தொகைக்குத்தான். பில்லில் தகராறு என்று சொன்னால் 30 நாளில் ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும். கார்டை மூடச் சொன்னால், பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளில் மூட வேண்டும். தபாலில் எழுதி அனுப்பு, சென்னை அலுவலகத்துக்கு வா என்று இழுக்க முடியாது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். போனில் மூடச் சொன்னால் சலுகை மேல் சலுகையாகப் பேசி மனசை மாற்றப் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிட்டால் நாள் ஓடத் தொடங்கிவிடும்.

கட்ட முடியாமல் போனவர்களுக்கும் உரிமை உண்டு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, பக்கத்து வீட்டிலும் சொந்தக்காரரிடமும் போய்ச் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது. கார்டு பாக்கி என்பது உரிமையியல் விவகாரம். பாக்கி வைத்ததற்காக மட்டும் போலீஸ் பிடித்துப் போகாது. கட்டுவதாகச் செக் கொடுத்து அது திரும்பினால் கதை வேறு, அது குற்ற வழக்கு. அதனால் வசூல் ஆள் கெஞ்சினாலும் மிரட்டினாலும் தேதி போடாத செக்கைக் கொடுத்துவிடாதீர்கள். கார்டுக்காரர் இறந்துவிட்டால், அவர் விட்டுப்போன சொத்தளவுக்கு மேல் குடும்பத்தாரிடம் கேட்க முடியாது. மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம். அது பேசி முடிக்கக் கூப்பிடுவது. 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவிக்கு வழி கேட்கலாம். 'செட்டில்மென்ட்' செய்தால் தொகை குறையும், ஆனால் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே பதிவாகும், அடுத்த வீட்டுக் கடனுக்கு அது இடிக்கும். குறைத்த தொகை எவ்வளவு என்று வங்கியின் கடிதம் கையில் வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 2021 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் ஒரே திட்டமாக மாற்றிவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியலாம், 14448-இல் தமிழிலேயே விசாரிக்கலாம். வங்கிக்கு எழுதாமல் நேராக இங்கே போனால் புகாரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பலர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

அங்கும் முடியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கார்டு கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேர்க்க வேண்டியவை: தகராறுக்குரிய பில், வங்கிக்கு எழுதிய மின்னஞ்சல், அதற்கு வந்த பதில், புகார் எண், 1930-இல் பதிந்திருந்தால் அதன் ஒப்புகை. குறுஞ்செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதி தெரியும்படி அச்சிட்டுக்கொள்ளுங்கள்.